தகப்பன் பெயருக்கு நேரே ஒரு கோடு

மற்ற பிள்ளைகளின் தாய்மார் வெயிலில் ஆடாதே, கறுத்துப் போவாய் என்று கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொள்வார்கள். என் அம்மா என்னை வெயிலுக்கு விரட்டுவாள். ராகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் வெயிலே அபூர்வம். பனி விலகி நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தால் போதும், சட்டையைக் கழற்றிவிட்டு என்னைக் கொண்டுபோய் நிறுத்துவாள். நான் கறுக்கவில்லை. தோல் சிவந்து உரிந்து, மூக்கின் மேல் புள்ளி புள்ளியாக விழுந்ததுதான் மிச்சம். செம்பட்டை முடிக்கு அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பாள். மழையில் நனைந்தால் அது கழுத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கும். கண்ணுக்குத்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது பச்சையாகவே இருந்தது.

எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே தோட்டம் முழுவதற்கும் என்னைப் பற்றித் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெரிய துரையின் பங்களாவில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டார்கள். நான் பிறந்த எட்டாவது மாதத்தில் அப்பா அவளைக் கட்டிக்கொண்டார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். முதல் மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். நான் அப்பா என்று எழுதுவதெல்லாம் இவரைத்தான். அந்தக் கல்யாணத்தோடு அவருடைய அண்ணன் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கை நனைப்பதை விட்டுவிட்டார். அவர் இருந்தது இரண்டு கதவு தள்ளித்தான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைத் ‘தொரை மக’ என்று கூப்பிட்டார்கள். அது பெருமை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அடித்தாள். ஏன் என்று சொல்லவில்லை. அன்று ராத்திரி அப்பாதான் என்னைச் சோறு தின்ன வைத்தார்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது பெரிய துரைக்குச் சீமையிலிருந்து மனைவி வந்து சேர்ந்தாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பங்களாவுக்கு அழைத்துப்போய்ப் புல்தரையில் வரிசையாக நிறுத்தினார்கள். துரைசாணி ஒரு பெரிய பிஸ்கட் டின்னைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிஸ்கட் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். அவள் விரல் குளிர்ந்திருந்தது.

“அப்பா யார்?” என்று கேட்டாள். தமிழில் நாலைந்து வார்த்தை கற்றிருந்தாள் போலும்.

நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கவ்வாத்து வெட்டுகிறார் என்றும் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். துரைசாணி திரும்பி, படிக்கட்டில் நின்று சுங்கானுக்குப் புகையிலை அடைத்துக்கொண்டிருந்த துரையிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அவர் என்னைப் பார்க்காமலே இரண்டு மூன்று வார்த்தையில் பதில் சொன்னார். எனக்கு அப்போது இங்கிலீஷ் தெரியாது. பிற்காலத்தில் அந்த மொழியைப் படித்த பிறகு, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவள் டின்னைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சமையல்காரர் எனக்கு அடுத்த பிள்ளையிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார்.

ஒரு வாரத்துக்குள் எங்களைக் கீழ் டிவிசனுக்கு மாற்றினார்கள். பங்களாவிலிருந்து நாலு மைல். ஆபீஸ் கிளாக்கர் வந்து, இனிமேல் பிள்ளையை மேல் ரோட்டுப் பக்கம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. சட்டி பானைகளைச் சாக்கில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டார். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லித் தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்றாகிவிட்டிருந்தது. நாங்கள் இங்கேயே இருந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அப்பாவும் மனுப் போட்டார். அது விசாரணைக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. நுவரெலியாவுக்குப் போக வேண்டும். விடியற்காலையில் அம்மா கரியைக் குழைத்துக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். “இன்னைக்கு வேணாம், விடு,” என்றார் அப்பா. அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்தாள். நான் என் சொந்த முடியோடு பஸ் ஏறினேன்.

அரசாங்கக் கச்சேரியில் விசாரித்த அதிகாரி சிங்களவர். மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். என் பிறப்புத் தாளை எடுத்துப் பார்த்தார். தோட்டத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் துரைதான் விவரம் எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவுக்கு அனுப்ப வேண்டும். என் தாளின் அடியிலும் அவருடைய கையெழுத்து பெரிதாக, வலது பக்கம் சாய்ந்து இருந்தது. மேலே தகப்பன் பெயர் என்ற இடத்துக்கு நேரே ஒரு கோடு. இரண்டையும் எழுதியது ஒரே பேனா. இதை நான் வளர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

“பிள்ளையின்ர தகப்பன் ஆர்?” என்று கேட்டார் கிளாக்கர்.

“நான்தாங்க.”

“அப்ப ஏன் இதில உங்கட பேர் இல்லை?”

அதிகாரி என்னைக் கிட்டே கூப்பிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். வாசலில் நின்ற பியூனும் சிரித்தான். கடைத்தெருவில் பழகிய சிங்களம் எனக்குப் போதுமானதாக இருந்தது. இவள் இங்கிலாந்துக்கல்லவா மனுப் போட வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. கிளாக்கர் அதை மொழிபெயர்க்கவில்லை. அப்பாவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும்.

“ஐயா,” என்றார் அப்பா. “காச்ச வந்தா இவளத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறவன் நான். வேற யாரும் வந்ததில்லைங்க. எம் பேர எழுதுங்க.”

கிளாக்கர் தாளைப் பார்த்தபடியே, “எழுதேலாது,” என்றார் மெதுவாக. குடும்பப் பட்டியலில் மூன்றாவதாக இருந்த என் பெயரை அடித்தார். அதைச் செய்யும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து அப்பா, அம்மா இருவரின் மனுவும் தள்ளுபடியாகி வந்தது. அப்பா தன் தாயின் சாவுக்கு இந்தியா போய் நாள் அதிகம் தங்கிவிட்டாராம். கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இப்ப மூணு பேருக்கும் ஒரே நெலமதான்,” என்று சிரிக்கப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் துரை வேலையை விட்டுவிட்டு மனைவியோடு சீமைக்குப் புறப்பட்டார். வழியனுப்ப எங்கள் வீட்டை யாரும் கூப்பிடவில்லை. கார் கீழ் ரோட்டில் போனபோது கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். அம்மா மட்டும் திரும்பவில்லையாம். அதைப் பக்கத்து நிரையில் நின்றவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

அப்பா நெஞ்சில் சளி கட்டி இறந்தபோது எனக்குப் பத்தொன்பது. யார் இந்தியா போவது, யார் இருப்பது என்று லயமெல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரம். அப்பாவின் அண்ணன் குடும்பம் போவதென்று தீர்மானித்திருந்தது. சாவுக்கு வந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரத்தில் பெரியப்பா, ரத்த சொந்தம் மட்டும் முன்னால் வரட்டும் என்றார். நான் அப்பாவின் தலைமாட்டில் இருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. நானே எழுந்து சுவர் ஓரமாகப் போய்விட்டேன். அப்படி ஒதுங்கிக்கொள்ளச் சின்ன வயதிலிருந்தே பழகியிருந்தேன்.

அம்மா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையில் அரிசியைத் திணித்தாள்.

“போடு. ஒங்கப்பனுக்கு நீதான் போடணும்.”

முறையில்லை என்று பெரியப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா அவரிடம் நேருக்கு நேர் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை. “பதினெட்டு வருசமா நீங்க எங்க வீட்டுல தண்ணி குடிக்கல. அதுக்கு இவரு ஒரு நாளும் ஒங்களக் கொறை சொல்லல. இன்னைக்கு மொற பேசாதீங்க,” என்றாள்.

போட்டேன். அரிசி பாதி அவர் கழுத்தில் சிந்தியது. பெரியப்பாவும் அவர் மகன்களும் பாடையோடு போகவில்லை. கீழ் டிவிசனில் அப்பாவோடு வேலை செய்தவர்கள்தான் தூக்கினார்கள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பெரியப்பா வீட்டார் கப்பலேறிவிட்டார்கள். காம்பராவில் நானும் அம்மாவும் மட்டும். ஒரு நாள் விடியற்காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பங்களாவில் என்ன நடந்தது என்று கேட்டேன். அதுவரை கேட்டதில்லை. அவள் இடுப்புக்குச் சாக்குப் படங்கு கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“அப்ப எனக்குப் பதினேழு வயசு,” என்றாள்.

நான் காத்திருந்தேன். வெளியே வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போகும் சத்தம் கேட்டது. அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை.