மூன்று சலேத்துகள்

நனைந்த ஸ்வெட்டரின் ஆட்டு வாடையும் யூகலிப்டஸ் புகையும் கலந்து கிடந்த எங்கள் கொடைக்கானல் வகுப்பறையில், "சலேத் மேரி" என்று டீச்சர் பெயர் கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து நிற்போம். எங்கள் கோயில் சலேத் மாதாவின் பெயர் என்பதால் அது எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருந்தது: துரைமார் வீட்டில் ஆயாவாக இருந்த ஒரு சலேத்து, தலைப்பிரசவத்தில் கண் மூடிய ஒரு சலேத்து, கன்னியர் மடத்தில் சேர்த்துவிட்ட மறுவாரமே திரும்பி வந்து காதலித்தவரைக் கட்டிக்கொண்ட என் அத்தை சலேத்து. "அது மாதா பேருடி, நமக்கு மட்டும்னு சொந்தம் கொண்டாட முடியாது" என்பாள் அம்மா.

வகுப்பில் நான் "குட்டை"; மற்ற இருவரும் "நெட்டை", "சுருட்டை". மூவரின் அப்பாக்களும் ஒரே ஜீப்பில் கிளாவரை கிராமத்துக்குப் போய்ப் பூண்டும் கேரட்டும் ஏற்றி வருகிறவர்கள். ஓட்டுவது என் அப்பா.

ஆறாம் வகுப்பில், மழை விடாத ஒரு நாள், பள்ளிக்கு ஒரு போன் வந்தது. "ஜீப்பு கவுந்திருச்சு, சலேத்தோட அப்பாவுக்கு ரொம்ப அடி, பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றதோடு லைன் அறுந்துவிட்டது. திரும்ப அழைத்தும் கிடைக்கவில்லை. டீச்சர் எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு மழையில் நடந்தார்.

"எங்கப்பா மூட்டை மேலதான் உக்காருவாரு, அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள் நெட்டை.

"அப்ப எங்கப்பாவுக்கு ஆகட்டுங்கிறியா?" என்று சுருட்டை அழுதாள்.

மேற்கொண்டு பேசினால் அடிபட்டவரை நாங்களே தேர்ந்தெடுப்பதுபோல இருந்தது. ஆனாலும் கைகளை விடாமல், ஒருத்தி தயங்கினால் மற்ற இருவரும் இழுத்தபடி, ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

வாசலில் நர்ஸ், "சலேத்து யாரும்மா?" என்று கேட்க, மூவரும் "நான்தாங்க" என்றோம். அவர் குழம்பிப்போய், "அப்பா பேரச் சொல்லுங்க" என்றதும் மூவரும் டீச்சர் பக்கம் திரும்பினோம். டீச்சர்தான் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். முதலில் என் அப்பா பெயர்; நர்ஸ் இல்லை என்று தலையாட்டினார். சுருட்டையின் அப்பா பெயருக்கும் அப்படியே. மூன்றாவது பெயர் வருமுன் நெட்டை உள்ளே ஓடிவிட்டாள்.

சரிந்த மூட்டைகளுக்கு அடியில் அவள் அப்பாவின் கால் நசுங்கிப்போயிருந்தது. "அழுவாத தாயி, உசுரு இருக்குல்ல" என்று அவர்தான் அவளைத் தேற்றினார். தாழ்வாரத்தில் சேறும் சகதியுமாக வந்து அப்பா என்னைக் கட்டிக்கொண்டபோதும் என் கண் அந்தக் கதவிலேயே கிடந்தது.

நெட்டையின் அப்பா பிழைத்தார், காலை எடுத்துவிட்டார்கள். மேடு பள்ளத்தில் இனி வாழ முடியாது என்று அந்தக் குடும்பம் வத்தலக்குண்டுக்கு இறங்கியது. சுருட்டை கல்யாணமாகித் திருப்பூர் போனாள். ஞானஸ்நானத்துக்கு வருகிற குழந்தைகளுக்கு இப்போது யாரும் அந்தப் பெயரை வைப்பதில்லை. நானும் என் மகளுக்கு, ஊரில் வேறு எவளுக்கும் இல்லாத ஒரு பெயரைத் தேடிப்பிடித்து வைத்தேன். அவள் பெயரைச் சொல்லி ஒரு செய்தி வந்தால் அது அவளுக்குத்தான் என்று நிச்சயமாகத் தெரியவேண்டும் என்றிருந்தது.

என் வீட்டுக்காரரும் ஜீப்தான் ஓட்டுகிறார். வழி தெரியாதபடி மஞ்சு இறங்கிய நாட்களில் அவர் வரப் பிந்தினால், மகள் தனியாக வாசலில் போய் நிற்கிறாள். நான் பக்கத்தில் போனால், "வெரசா வந்துருவாரும்மா, நீ உள்ள போ" என்கிறாள். நான் போவதில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.