காளீஸ்வரி நிறுத்திய ஃப்ரீசர்

ராஜபாளையத்துக் காளீஸ்வரிக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. பதினாறு வருஷம் நூல் மில்லில் உழைத்தவள், இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆய்வகப் பணியாளர். தற்காலிக வேலைதான். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் ஃபாயிஸா, ஃப்ரீசரில் ஒரு பெப்டைடு வைத்திருந்தாள். கொஞ்சம் பொடியாக, கொஞ்சம் கரைசலாக. புரதத்தின் சின்னத் துண்டான அது, செல்லுக்குள் சக்தி தயாராகும் மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, நலிந்த செல்லைத் தேற்றுமாம். அதற்கு வழி சொன்னது யாரென்று காளீஸ்வரி கேட்டாள். அங்கே மட்டும் இருக்கிற ஒருவகைக் கொழுப்பைக் கண்டால் பிடித்துக்கொள்ளும் என்றாள் ஃபாயிஸா. அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை காளீஸ்வரிக்கு அதே நினைப்பு.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் அன்றைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்து, ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஆய்வகத்திலும் அதையே செய்தாள், ஃப்ரீசர் உட்பட. மூன்று நாள் விடுமுறை கழிந்து முதல் ஆளாக வந்தபோது, ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

சுவிட்சைப் போட்டுத் தண்ணீரைத் துடைத்துவிட்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. இரண்டையும் செய்தாள். ஆனால் ஃபாயிஸா வந்ததும் சொல்லிவிட்டாள்.

ஃபாயிஸா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆறு மாத உழைப்பாயிற்றே, கோபம் வராதா? பிறகு பொடியையும் கரைசலையும் நலிந்துபோன எலியின் இதயச் செல்களில் தனித்தனியாக விட்டு, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் காளீஸ்வரியையும் பார்க்கச் சொன்னாள். பொடி விட்ட செல்களில் மைட்டோகாண்ட்ரியா சிவப்பு இழைகளாகப் பளிச்சென்று தெரிந்தன. கரைசல் விட்டவை மங்கிக் கிடந்தன. குளிர் போனதில் கரைசல் கெட்டுவிட்டது, காய்ந்த பொடி மட்டும் தப்பித்திருந்தது.

"நூல் நூலா இருக்கே. நம்ம நெஞ்சுக்குள்ளயும் இம்புட்டு இருக்கா?" என்றாள் காளீஸ்வரி, கண்ணை எடுக்காமலே.

இருக்கிறது என்ற ஃபாயிஸா, அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள். "நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே, அக்கா?"

"பொறவு கெட்டுப்போனத வச்சு நீங்க தப்பா எழுதிருவீக. அத நம்பி எவனாச்சும் நெஞ்சுவலிக்கு மருந்து செய்வான்ல."

ஃபாயிஸா குறிப்பேட்டைத் திறந்து, ஃப்ரீசர் நின்ற நாளை எழுதினாள். நிறுத்தியது யார் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டாள். அதைப் படிக்கப்போகிற பேராசிரியர்தான் காளீஸ்வரியின் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர். காளீஸ்வரி பேனாவைக் கேட்டு வாங்கி, அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.