மடிப்புக்கு விட்ட துணி

மடிப்பக்கா என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு மாடிப்படியில். பல் டாக்டரைப் பார்க்க மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கி நின்றபோது, பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் படியில் உட்கார்ந்து ஒரே செல்போனை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“மடிப்பக்காகிட்ட கேட்டியா?”

“கேட்டேன். எதுவரைக்கும் போட்டேன்னு என்னையே திருப்பிக் கேக்குது.”

“அது அப்படித்தான்டி கேக்கும். ரெண்டு வரி கிறுக்கி அனுப்பு, மீதிக்கு வழி சொல்லிடும்.”

துணி தேய்த்துக் கொடுக்கும் யாரோ போலிருக்கிறது என்றுதான் அன்றைக்கு மனதில் பட்டது. மடிப்பக்கா வேறு யாருமல்ல, என் பெரிய நாத்தனாரின் ஓரகத்தி பெற்ற மூத்தவள் என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் யார் நின்றார்கள், யார் வராமல் சாக்குச் சொன்னார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லலாம். ஆனால் அவளுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது மட்டும் அவள் வீட்டைத் தாண்டிச் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அவள் வேலை திரைச்சீலை தைப்பது. ஆஸ்பத்திரி, ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எங்கெல்லாம் சன்னல் உண்டோ அங்கெல்லாம் அவள் கடைத் துணி தொங்கும். இரண்டாம் மாடியில் நீளமான ஒரே அறை, ஆறு மெஷின், நடுவே வெட்டுகிற மேசை. இருபத்திரண்டு வருடமாகச் சன்னலோர மேசை அவளுடையது. வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். அதனால் அவள் பேசுவது குறைவு. பேசினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கோபக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பத்தாவது முடித்ததும் கணக்குப் பிரிவில் சேருவதற்குப் படிவம் எல்லாம் நிரப்பி வைத்திருந்தவள்தான். கையெழுத்துப் போட வேண்டிய அப்பா அந்த வாரம் படுத்தார், படுத்தவர் எழுந்திருக்கவில்லை. படிவம் பெட்டிக்குள் போயிற்று, பெண் கடைக்குள் போனாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியதில்லை. புலம்ப நேரம் ஏது? தங்கையைப் படிக்க வைத்தாள், கட்டிக்கொடுத்தாள். தங்கை வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, அவளையும் அவள் பெண்ணையும் தன் இரண்டு அறை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

செல்போனை இயக்கக் கற்றுக்கொடுத்தது அந்தத் தங்கை மகள்தான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதில் கேள்விப் பலகை என்று ஒன்று இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதில் வீட்டுப்பாடக் கேள்விகளைப் போடுவார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள்.

“பெரியம்மா, இதுல ஒரு பேர் கேக்குது. என்ன போடட்டும்?”

பெரியம்மா ஆஸ்பத்திரிப் படுக்கையைச் சுற்றித் தொங்கும் மறைப்புத் துணி ஒன்றின் ஓரத்தை மடித்துப் பிடித்திருந்தாள். வாயில் ஊசி. “மடிப்பு,” என்றாள். இரு, மடிப்பை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வந்தாள். ஊசிகளுக்கு நடுவே அவ்வளவுதான் வெளியே வந்தது. பெண் அதையே பெயராக அடித்துவிட்டாள். நாளடைவில் பிள்ளைகள் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் ஊர்க்கதை பேசுவார்கள். அவள் ஒரு கையால் சாப்பிட்டு, மறு கையால் பலகையைத் தள்ளிப் பார்ப்பாள். முப்பது வருடத்துக்கு முன்பு கை கழுவிவிட்ட கணக்கெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தன. தெரியாததை இவளே புத்தகம் வாங்கிப் படித்தாள்.

பலகையில் மாதம் தவறாமல் ஒரு சண்டை வரும். அதை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நில அளவையர். அவருக்கு விடை சொல்வதே ஆகாது. “பிள்ளைக்குப் பதிலா நாம எழுதிக்குடுத்தா அது உதவி இல்ல, ஆள்மாறாட்டம்,” என்பார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் உடனே பாய்வார்: “வீட்டுல கேக்க ஆள் இருக்கிற பிள்ளை இங்க ஏன் சார் வருது? அதுங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா சொல்லித்தர மாட்டாரா? நாம சொன்னாத்தான் என்ன குறைஞ்சுபோச்சு?” இரண்டு பேர் சொல்வதும் மடிப்பக்காவுக்குச் சரியாகத்தான் பட்டது. அந்த இரண்டுக்கும் நடுவே அவள் கண்டுபிடித்துக்கொண்டதுதான் ‘எதுவரைக்கும் போட்ட?’ என்ற கேள்வி. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே போய் நின்று அடுத்த அடியை மட்டும் காட்டுவாள். நாலு வருடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவள் ஒரு பதிலும் எழுதியதில்லை.

ஒரே ஒரு நாள் கேட்கவில்லை.

அன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்கு எண்பது மறைப்புத் துணி போக வேண்டும். இரண்டு பேர் லீவு. காலையிலிருந்து நிமிராமல் தைத்ததில் வலது தோள் கல்லாக இறுகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பலகையில் ஒரு கேள்வி வந்து விழுந்தது.

‘சன்னலின் அகலம் 150 செ.மீ., உயரம் 120 செ.மீ. அதைச் சுருக்கம் இல்லாமல் மூடும் துணியின் பரப்பு என்ன? அக்கா ப்ளீஸ் அவசரம். அக்கா அக்கா.’

எதுவரைக்கும் போட்ட என்று கேட்க வேண்டும். கேட்டால் அது ஏதாவது கிறுக்கி அனுப்பும், அதற்குப் பதில், அந்தப் பதிலுக்கு ஒரு கேள்வி. போய்த் தொலையட்டும் என்று ஒரே வரி அடித்தாள்: ‘160 × 145 = 23,200.’ அடித்துவிட்டு டப்பாவை மூடி மெஷினுக்குத் திரும்பினாள்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, தங்கை கட்டிலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பெண் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். இப்போது அவள் பத்தாவது.

“ஸ்கூலுக்குக் கூப்பிட்டு விட்டாங்க அக்கா. கணக்கு டீச்சர் இவ படிவத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க. கணக்குப் பிரிவுக்கு அந்தக் கையெழுத்து இல்லாம ஆகாதாமே? நாளன்னைக்குக் கடைசி நாள்.”

“என்ன பண்ணினா இவ?”

“அதான் வாயைத் திறக்க மாட்டேங்கிறாளே. வகுப்புல முப்பத்திநாலு பேர். இருபத்தொம்பது பேர் ஒரே தப்பு விடையை எழுதியிருக்கு. நாலு பேர் நோட்டே வைக்கல. இவ ஒருத்திதான் சரியா எழுதியிருக்கா.”

“சரியா எழுதினதுக்கா தண்டனை?”

“இரு, முழுசா கேளு. இது எப்படி வந்துச்சுன்னு டீச்சர் கேட்டா, எழுதின இருபத்தொம்பதும் பேந்தப் பேந்த முழிச்சிருக்கு. இவ மட்டும் எழுந்து, மடிப்பு சேந்திருக்கு டீச்சர்னு சொல்லியிருக்கா. உனக்கு எப்படித் தெரியும்னா பதிலே இல்ல. அப்ப இவதான் எல்லாருக்கும் தப்பா குடுத்துட்டு, தான் மட்டும் சரியா எழுதிக்கிட்டான்னு டீச்சர் முடிவு கட்டிட்டாங்க.”

“என்ன விடையாம்?”

“யாருக்குத் தெரியும். இருபத்து மூவாயிரத்துச் சொச்சம்.”

“இருநூறு,” என்றாள் மடிப்பக்கா. செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துக்கு ஐந்து, இரண்டு பக்கம் பத்து. மேலே கம்பி நுழைய பத்து, கீழே கனத்துக்குப் பதினைந்து. மடிப்புக்கு விடாமல் எந்தக் காலத்தில் அவள் துணி வெட்டியிருக்கிறாள்? கேள்வியில் சன்னல் என்றதுமே கை தானாக அதைச் சேர்த்துவிட்டது. சன்னலை மட்டும் மூடினால் போதும் என்று புத்தகம் நினைக்கிறது. ஓரம் மடிக்காத திரை உலகத்தில் எங்கே தொங்குகிறது?

“உனக்குத் தெரியுமாடி?”

“அன்னைக்கே பாத்தேன் பெரியம்மா.”

“ஏன் சொல்லல? உடனே மாத்தியிருப்பேனே.”

“நீ வந்து செருப்பைக்கூடக் கழட்டாம படுத்துட்ட. எழுப்பிச் சொல்ற அளவுக்கு அது என்ன பெரிய விஷயம்னு விட்டுட்டேன். அதுங்க எல்லாம் அப்படியே எழுதும்னு நான் கண்டேனா?”

“டீச்சர்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே.”

பெண் அப்போதுதான் சுவரிலிருந்து திரும்பினாள். “உன்னைக் காட்டிக்குடுக்கச் சொல்றியா?”

தங்கைக்கு இவர்கள் பேசுவதில் பாதி பிடிபடவில்லை. பிடிபட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டாள். “ஊரான் பிள்ளைக்கெல்லாம் நீ எதுக்கு வீட்டுப்பாடம் எழுதற? உனக்கு வேற வேலை இல்ல?”

“வேலை நிறைய இருந்துச்சு. அதான் இப்படி ஆச்சு,” என்றாள் மடிப்பக்கா.

மறுநாள் அரை நாள் லீவு கேட்டாள். முதலாளி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவளாக லீவு கேட்டு அவர் கேட்டதில்லை.

“என்னம்மா, கல்யாணமா?”

“ஆமா. நீங்கதான் மாப்பிள்ளை. சம்மதம்னா சொல்லுங்க, வீட்டுல பேசறேன்.”

ஆறு மெஷினும் நின்று சிரித்தன. அவள் சிரிக்காமல் படி இறங்கினாள்.

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் ஆள் உயரத்துக்கு அடுக்கிய நோட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே இவளைப் போலவே கருவளையம். மடிப்பக்கா நின்றபடியே சொல்லி முடித்தாள். செல்போனில் தேதியையும் பதிலையும் காட்டினாள். டீச்சர் பலகையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குகளெல்லாம் அதில் இருந்தன.

“இதெல்லாம் நீங்க போட்டதா?”

“ஆமாங்க.”

“எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“பத்து.”

டீச்சர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா பெண்ணுக்காகப் பொய் சொல்ல வந்திருக்கிறாள் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. மடிப்பக்கா பக்கத்துச் சன்னலைப் பார்த்தாள். போன வருடம் அவள் கையால் தைத்த திரை.

“அந்த ஸ்கேலை எடுத்து இதோட கீழ் மடிப்பை அளந்து பாருங்க. பதினஞ்சு இருக்கும். மேல கம்பி போற இடம் பத்து. பக்கத்துக்கு அஞ்சு அஞ்சு. உங்க புத்தகத்துச் சன்னலுக்கும் நான் அதையே விட்டுட்டேன்.”

டீச்சர் நிஜமாகவே எழுந்து போய் ஸ்கேலை வைத்து அளந்தார். பதினைந்து. ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டே திரையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

“நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. முப்பத்திநாலு நோட்டை நான் எதுக்குத் திருத்தறேன்? எந்தப் பிள்ளை எங்க தடுக்கி விழுதுன்னு பாக்கத்தான். அதுங்களோட தப்பு எனக்கு வேணும். இந்தத் தடவை இருபத்தொம்பது நோட்டுலயும் உங்க தப்புதான் இருக்கு. அதுங்க தப்பு எங்க போச்சு?”

 நில அளவையர் நாலு வருடமாகச் சொல்லியும் மடிப்பக்காவுக்குள் போகாதது இப்போது போயிற்று. ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றியது.

“கேக்க ஆள் இல்லாம நிக்கிற பிள்ளையும் அதுல உண்டுங்க, டீச்சர்.”

“உண்டு. எனக்கும் தெரியும்.” டீச்சர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். “எனக்கு இருக்கிறது நாப்பது நிமிஷம். உங்களுக்கு எவ்வளவு?”

“அரை மணி. சாப்பாட்டு நேரம்.”

இருவரும் சிரித்த மாதிரி இருந்தது. டீச்சர் அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மடிப்பக்கா அந்தப் பேனா நகர்வதை, துணியில் கத்தரி போவதைப் பார்ப்பது போல, முனை நின்று தூக்கப்படும்வரை பார்த்தாள். பிறகு படிவத்தை வாங்கி, மடிக்காமல், விரித்தபடியே பைக்குள் வைத்தாள்.

அன்று மத்தியானமே பலகையில் எழுதினாள்: ‘சன்னல் கணக்குக்கு நான் சொன்னது தப்பு. 18,000தான் சரி. மடிப்பு சேர்த்துவிட்டேன். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்காமல் விடை சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.’ தப்பை ஒப்புக்கொண்டதற்கு வந்த பதில்கள்: ‘உங்களால மார்க் போச்சு.’ ‘இனிமே ரெண்டு தடவை செக் பண்ணிட்டுப் போடுங்க அக்கா.’ யாரோ ஒரு பிள்ளை மட்டும், ‘மடிப்புன்னா என்ன அக்கா?’ என்று கேட்டிருந்தது. அதற்கு அவள் அரை மணி நேரமும் செலவழித்துப் படம் வரைந்து அனுப்பினாள். சாப்பாடு அப்படியே இருந்தது.

நில அளவையர் அந்த வாரமே விடை சொல்லக் கூடாது என்று பலகையில் சட்டம் போட்டுவிட்டார். மருந்துக்கடைக்காரர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். பிள்ளைகளில் பாதிக்கு மேல் விடை கிடைக்கும் வேறு இடம் தேடிப் போனார்கள். தப்புச் சொல்ல முடியாது. நாளைக்கு நோட்டு வைக்க வேண்டுமே. முன்பு நாளுக்கு நாற்பது கேள்வி வந்த இடத்தில் இப்போது பத்து வந்தால் பெரிது. பத்துக்கும் மடிப்பக்கா ‘எதுவரைக்கும் போட்ட?’ என்று கேட்பாள். எட்டுப் பேர் அதோடு காணாமல் போவார்கள். இரண்டு பேர், அரைகுறையாக, அடித்தல் திருத்தலோடு, தங்கள் தப்பைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அந்த இரண்டுக்கு அவளிடம் தெம்பு மிஞ்சியிருக்கிறது. மூன்றாவது வந்தால் நாளைக்கு என்று எழுதிவிடுவாள்.

தங்கை மகள் கணக்குப் பிரிவில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பெரியம்மாவிடம் அவள் இன்றைக்கும் கணக்குக் கேட்பதில்லை. பெரியம்மா வேலை முடிந்து வந்ததும் அவள் காலிலிருந்து செருப்பை மட்டும் கழற்றி விடுகிறாள்.

மடிப்பக்கா அதே கடையில், இரண்டாம் மாடியில், சன்னலோர மேசையில் இருக்கிறாள்.