வெள்ளை எண்டால் வெள்ளமில்லை

வரைபடத்தில் நிறம் தீட்டாமல் விட்ட இடத்துக்கும் குறிவிளக்கத்தில் ஒரு பெட்டி இருக்க வேண்டும். அளக்காத இடமென்றால் அதில் "அளக்கவில்லை" என்று எழுத வேண்டும். நில அளவை வேலையில் சேர்ந்தபோது எனக்கு முதலில் படிப்பித்த விதி இது. ஓய்வு பெற்ற பிறகும் நான் மறக்கவில்லை. மறந்தவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

திருகோணமலைக் கரையோரத்தில் தண்ணீர் எங்கே ஏறும் என்று ஆராய்ந்த விஞ்ஞானிகள், சனங்களுக்கு விளங்கட்டும் என்று பெரிய வரைபடம் ஒன்றை அரசாங்கக் கந்தோர்ச் சுவரில் ஒட்டுவித்தார்கள். சிவப்பு பெரிய ஆபத்து, மஞ்சள் சிறிய ஆபத்து, பச்சை ஆபத்தில்லை. நிலாவெளிக் கரை முழுக்கச் சிவப்பு. மூலையில் அழகான சுறா ஒன்றும் நீந்தியது. சீனன்குடாவில் மட்டும் நிறமே இல்லை. அங்கேயுள்ள படைமுகாம் வேலிக்குள் போய் அளக்க அனுமதி கிடைத்திராது. படம் கீறியவரோ வேலியோரம் கவனமாகக் கீறப் பஞ்சிப்பட்டு, வெளியே கிடந்த காணிகளையும் சேர்த்து வெள்ளையாக விட்டுவிட்டார்.

தையல் வேலை செய்துகொண்டு என்னோடு இருந்த தங்கச்சி, என் வீட்டு விதிகளிலிருந்து தப்பிச் சொந்த வீடு கட்டப் பார்த்துவைத்த காணி அந்த வெள்ளைக்குள் இருந்தது.

"பாத்தீங்களே அண்ணை, பச்சையிலும் திறம் வெள்ளை. வெள்ளை எண்டால் வெள்ளமில்லை."

"ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லை எண்டு அர்த்தம், பிள்ளை."

"ஓமோம். வெள்ளைக்காரன் பாக்காமலே அங்கை எண்ணெய்த் தாங்கி கட்டினவன்?"

"அவன் மேட்டிலை கட்டினவன். உன்ர காணி பள்ளத்திலை கிடக்கு."

"அப்ப எழுதிக் கேளுங்கோ. கடிதத்திலை நீங்கள்தானே வீரர்."

எழுதினேன். வெள்ளை என்றால் ஆபத்தில்லையா, அளக்கவில்லையா? ஒரே கேள்வி, பிரதி மேலதிகாரிக்கு. பிறகு நினைவூட்டல். அதன் பிறகு நினைவூட்டலை நினைவூட்டும் கடிதம். நேரே போனபோது கதிரையில் இருந்தவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"இதை ஒருத்தரும் கேக்கேல்லை ஐயா. எல்லாருக்கும் விளங்கினதுதானே."

"என்ன விளங்கினது?"

"வெள்ளை பாதுகாப்பு."

தங்கச்சி தை மாதம் வரைக்கும் பொறுத்தாள். பிறகு அத்திவாரம் வெட்டினாள். ஆவணியில் குடிபூரல், பால் பொங்கி நல்ல பக்கமாகத்தான் வழிந்தது. கார்த்திகையில் மழை பிடித்தது.

பதில் இரண்டு வரி: "தாங்கள் குறிப்பிடும் வெள்ளை, எமது வரைபடத்தில் பயன்படுத்தப்பட்ட நிறமன்று. அது தாளின் நிறமாகும்."

அந்தப் பதில் அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது கார்த்திகை விளக்கீட்டன்று. முழங்கால் வரை நனைந்த சேலையோடு, தையல் மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தங்கச்சி என் விறாந்தையில் வந்திறங்கிய அதே நாள்.