நைனா இறந்த நாளில் வலை இல்லை என்று எழுதியவர்கள்

நாளை எங்கள் நைனாவின் முதலாண்டு திதி. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம். கண்ணீரோடு எழுதத்தான் உட்கார்ந்தேன். கண்ணீர் வரவில்லை, அருவருப்புதான் வருகிறது.

நைனா பழவேற்காடு ஏரியில் உள்ள பசியாவரம் தீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, இறால் பிடித்தே தம்பியை வளர்த்து ஆளாக்கினார். எங்கள் அம்மாவைத் தவிர வேறு யாரோடும் அவர் சண்டை போட்டதில்லை. அதிலும் தோற்றுத்தான் போவார்.

அப்படிப்பட்டவரைக் கோபப்பட வைத்தது ஏரிக்கரையில் வந்த ஆலை. உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் சுண்ணாம்பைக் கலந்து, அடியில் படியும் மக்னீசியம் ஹைட்ராக்சைடை எடுப்பார்கள். "வயித்து மருந்துல போடுற சரக்கு இது, பயப்படாதீங்க" என்று மேலாளர் சிரித்தார். மருந்துச் சரக்கு மூட்டையில் ஏறிப் போனது. மிச்சமான சுண்ணாம்புத் தண்ணீர் எங்கள் ஏரிக்கு வந்தது. சேறு வெளுத்து இறுகியது, கால் வைத்தால் எரிந்தது. செத்த இறால் ஒதுங்கி, சோற்றில் கைவைக்க முடியாதபடி நாறியது. நைனா அந்தத் தண்ணீரையே எடுத்துப்போய் மேலாளரிடம் நீட்டினார். "மருந்துன்னா ஒரு சொம்பு குடிங்க சார். இன்னா யோசிக்கிறீங்க?" அவர் சொம்பைத் தொடவில்லை.

ஆலையைப் பெரிதாக்க அனுமதி கேட்டார்கள். சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். ஏரியைக் காட்ட நைனா காத்துக் கிடந்தார். அவர்கள் வந்த அன்று விடியற்காலை நெஞ்சுவலியில் போய்விட்டார். ஊரில் சாவு விழுந்தால் நாங்கள் யாரும் வலை நனைப்பதில்லை. சாவு மேளத்தைக் கேட்டுக்கொண்டே ஏரியைச் சுற்றிப் பார்த்தவர்கள், ஆலைக்கு எதிரே மீன்பிடியே கிடையாது என்று அறிக்கையில் எழுதினார்கள். எங்கள் நைனாவின் பிணத்தைத் தங்களுக்குச் சாட்சியாக்கிக்கொண்டார்கள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

ஊர் கூடி முறையிட்டோம். மறுபடி வந்து பார்க்க அவர்கள் குறித்த நாள், நாளை. திதிக்கும் நம் சனம் ஏரியில் இறங்காது என்பதை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

நாளைக்கு எல்லாரும் வலை விடுவோம் என்று வீட்டில் சொன்னேன். சித்தப்பா தயங்கினார். "அண்ணன் திதிக்கு வலை நனைக்கிறதா? ஊரு இன்னா பேசும்?"

அம்மா சட்டென்று சொன்னார். "அவரு இருந்தா நாளைக்கு ஊட்ல குந்திகினு இருப்பாரா? போயி வலைய வுடு. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

துக்கத்தில் அடுப்பு எரியாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த கோட்டைக்குப்பத்தாருக்கும், அரிசி அனுப்பிய காட்டூர் சம்பந்திகளுக்கும், கூடவே நின்ற பழவேற்காட்டுப் பாய்மார்களுக்கும் எங்கள் நன்றி.

நாளைய படையலும் சாப்பாடும் மாலையில்தான். விடிந்ததும் எல்லாரும் ஆலைக்கு எதிரே வலை விடுங்கள். அழுகை வந்தால் படகிலேயே அழுங்கள், கரையில் ஒருவரும் நிற்க வேண்டாம்.