சிவப்பு பட்ஜைச் சுரண்டியதால் வந்த வினை

“இது அந்தக் கார் இல்லை” என்று படையினரின் சோதனைச் சென்றியில் நின்றவர் அரைகுறைத் தமிழில் சொன்னார். பின் சீற்றில் என் மடியில் தலைவைத்து ஜெசிந்தா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். கார் அவளுடைய தகப்பன் செபமாலை அண்ணையுடையது. அதை அடையாளம் தெரியாமல் ஆக்கியது நான்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஊர்காவற்றுறையில் நான் சமைக்கிற குசினி மேசைதான் எனக்குப் பட்டறை. கார் முழுவதற்கும் பெயின்ற் அடிப்பது கராஜ்காரர் வேலை. கொம்பனிச் சின்னம் போட்ட பட்ஜ், கிறில், கண்ணாடி விளிம்பு போன்ற சில்லறைச் சாமான்களைக் கழற்றி என்னிடம் கொண்டுவருவார்கள். வாட்டர் பேப்பரால் தேய்த்து, தின்னரால் துடைத்து, பிரைமர் வைத்து, அது காய்ந்த பிறகுதான் பெயின்ற்.

அண்ணை வாடகைக்கு ஹயர் ஓடிய சாம்பல் நிறக் காரில் பொனற் பட்ஜ் மட்டும் செக்கச் சிவப்பு. வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்றைக் கழற்றாமலே பூசிவிட்டிருந்தார். விளிம்பெல்லாம் வழிந்து கிடக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். பேரப்பிள்ளை வரப்போகிறது, கார் வடிவாக இருக்கட்டும் என்று ஒருநாள் அவரே கழற்றித் தந்தார். முகப்பைத் தகரம் தெரியச் சுரண்டி வெள்ளி நிறம் அடித்தேன். கண்ணாடிபோல் வந்தது. எனக்குத் தலைக்கனமும் வந்தது.

அதைப் பூட்டிய மறுநாள் காலை ஜெசிந்தாவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோங்கள் என்று ஊர் ஆசுபத்திரியில் சொன்னார்கள். அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு அண்ணை காரை எடுத்தார்.

அப்படித்தான் அந்தச் சென்றியில் மாட்டினோம். தீவில் இதேபோல் சாம்பல் நிறக் கார்கள் பல ஓடின. அங்கே நின்றவர்களுக்கு இந்தக் கார் என்றால் அந்தச் சிவப்பு. நம்பர் சரிதான், ஆனால் நம்பர் பிளேற்றை வேறு காரில் மாற்றிப் பூட்டலாமே என்பது அவருடைய சந்தேகம். எல்லோரையும் இறங்கச் சொன்னார். ஜெசிந்தாவால் அசைய ஏலாது. அண்ணை கையை உயர்த்திக்கொண்டு நின்றார். நான் அவளுடைய தலையைச் சீற்றில் வைத்துவிட்டு இறங்கினேன். ஒரு துளி பெயின்றுக்காக இரண்டு உயிர் போகப்போகிறதா என்று நினைத்தேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. ஆர் பார்க்கப்போகிறார்கள் என்று பட்ஜின் பின்பக்கத்தை நான் சுரண்டவில்லை. சைகையால் அனுமதி கேட்டு, பொனற்றைத் திறந்து, கிளிப்பை நெம்பி அதை இழுத்தெடுத்தேன். நகம் பிளந்தது. திருப்பிக் காட்டினேன். பழைய சிவப்பு பின்னால் வழிந்து கட்டி கட்டியாகக் காய்ந்திருந்தது. அவர் அதை விரலால் சுரண்டிப் பார்த்தார். பின் சீற்றைப் பார்த்தார்.

“போ” என்றார்.

யாழ்ப்பாணம் ஆசுபத்திரி வாசலிலிருந்தே அவளை ஒப்பரேசன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தாயும் பெண் குழந்தையும் தப்பினார்கள் என்று கேட்டதும் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

சில நாளில் அண்ணை பட்ஜோடு வந்தார்.

“பிள்ளை, பழையபடி சிவப்பு அடிச்சுத் தாரும்.”

“ஓம் அண்ணை. இந்தமுறை வழியாமல் வடிவா அடிக்கிறன்.”

“வேண்டாம். வழியவேணும். எப்பிடி இருந்ததோ அப்பிடியே.”

பழகிய கை கேட்கவில்லை. விளிம்பில் போய் நின்றுவிட்டது. பிறகு பிறஷ்ஷை நிறைய நனைத்து இழுத்தேன். வழிந்தது. துடைக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய பெயின்றில் வாட்டர் பேப்பர் வைக்குமுன், அதை ஆர் ஆர் பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். வடிவு பிறகு.