கறுப்பு நூல் கட்டிய வெள்ளரிகள்

வெள்ளரி ஆராய்ச்சிப் பண்ணையில் அவளை எல்லோரும் ‘நாக்கு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காயின் காம்புப் பக்கத்தில் ஒரு சீவல் எடுத்து நுனிநாக்கில் வைத்தால் போதும், கசப்பு எவ்வளவு லேசாக இருந்தாலும் சொல்லிவிடுவாள். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

நோயைத் தாங்கும் குணம் ஒரு காட்டு வெள்ளரியில் இருந்தது. அதை நல்ல ரகத்தோடு கலந்தபோது, நோயைத் தாங்கும் மரபணுவோடு கசப்பு மரபணுவும் சேர்ந்தே வந்துவிட்டது. இரண்டும் ஒரே குரோமோசோமில் அக்கம்பக்கமாக இருந்தன. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்ளும். வெட்டு அந்த இரண்டு மரபணுக்களுக்கும் நடுவே விழுந்தால்தான் அவை பிரியும். தள்ளித்தள்ளி இருந்தால் அடிக்கடி பிரியும், நெருங்கி இருந்தால் அபூர்வம். எத்தனை செடிகளில் பிரிந்திருக்கின்றன என்று எண்ணித்தான் வரைபடத்தில் அவற்றின் இடைவெளியைக் குறிப்பார்கள். ஆய்வாளர் மேடம் தேடியது, நோய்க் கிருமியைத் தூவிய பிறகும் இலை பச்சையாக இருந்து காயும் கசக்காத செடியை. கசந்தால் கறுப்பு நூல், கசக்காவிட்டால் வெள்ளை நூல் என்று ஒவ்வொரு செடியிலும் கட்டுவது அக்காவின் வேலை.

காய்ப்பு சமயம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து வேலைக்கு வந்த அன்று சீவலை வாயில் வைத்தால் தண்ணீரை மென்றது போல இருந்தது. காட்டு வெள்ளரியையே கடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினால், மேடம் வெளியிலிருந்து வந்தவர்களை அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். “இவங்கதான் எங்க நாக்கு” என்று அறிமுகப்படுத்தினார். அவள் சிரித்து வைத்தாள்.

அன்று இலையைப் பார்த்து நூல் கட்டினாள். நோயைத் தாங்கிப் பச்சையாக இருந்தால் கறுப்பு, நோயில் மஞ்சளாகியிருந்தால் வெள்ளை. பெரும்பாலும் அப்படித்தான் அமையும் என்பது அவளுக்கும் தெரியும். ருசி திரும்பினதும் மறுபடி பார்த்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ருசி திரும்பவில்லை. ஆனாலும் தினமும் வழக்கம்போலச் சீவி, வாயில் வைத்து, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்று, துப்பினாள்.

வீட்டில் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று மகள் சொன்னபோது எரிந்து விழுந்தாள். அதற்குப் பிறகு மகள் அடுப்படிக்கு வந்து, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் உப்பைச் சரிசெய்துவிட்டுப் போனாள். இவள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

பருவ முடிவில் மேடம் கூட்டம் போட்டார். ஒரு செடியில்கூட நோயைத் தாங்கும் குணமும் கசப்பும் பிரியவில்லை, வரைபடத்தில் இரண்டையும் ஒரே புள்ளியாகத்தான் வைக்க வேண்டும், இந்தக் கலப்பு முயற்சியை இத்தோடு விட்டுவிடலாம் என்றார். இன்னொரு முறை சரிபார்க்க வேண்டாமா என்று யாரோ தயங்கிக் கேட்டதற்கு, அக்கா ருசி பார்த்த பிறகு சந்தேகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்குக் காது சுட்டது. வாயைத் திறக்க அதுதான் கடைசி நேரம் என்று தெரிந்தும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செடிகளைப் பிடுங்கத் தொடங்கிய மூன்றாம் நாள் தோட்டக்காரர் களைத்துப்போய், பிடுங்கிய கொடியிலிருந்து ஒரு காயை முறித்துக் கடித்தார். கொடியில் கறுப்பு நூல். இலையெல்லாம் பச்சை. அவர் பாதிக் காயைத் தின்றுவிட்டார்.

“கசக்கலையா?” என்று கேட்டாள்.

“நல்லாத்தானே இருக்கு. வேணுமா?”

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. பிடுங்குவதை நிறுத்தச் சொல்லிவிட்டு மேடத்தின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“எனக்கு ருசி தெரியல மேடம். காய்ச்சலுக்கு அப்புறம் தெரியவே இல்ல. இலையைப் பார்த்துத்தான் நூல் கட்டினேன்.”

மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் மேசையில் விரித்திருந்த வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு மெல்ல, “நானாவது ஒரு காயைக் கடிச்சுப் பார்த்திருக்கலாம்க்கா” என்றார்.

பாதிக்கு மேல் பிடுங்கியாகிவிட்டது. மேடமும் தோட்டக்காரரும் அலுவலக ஆட்களும் மிஞ்சிய செடிகளிலும் குவியலில் வாடாமல் கிடந்த கொடிகளிலும் இருந்த காய்களை ஒன்றுவிடாமல் கடித்துப் பார்த்தார்கள். கசப்பில் முகம் கோணி, வாய் கொப்பளித்து, மறுபடி கடித்தார்கள். அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பச்சை இலையோடு கசக்காத செடிகள் சில அகப்பட்டன. ஒன்றிரண்டில்தான் விதை முற்றியிருந்தது. குவியலில் வாடி அழுகிப்போனவற்றில் எத்தனை இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால் இடைவெளியைக் கணக்கிட அடுத்த பருவத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து விதைக்க வேண்டியதாயிற்று.

அவளை நாற்றுத் தொட்டி கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். அவளே கேட்டு வாங்கிக்கொண்டது அது. மருத்துவர், ருசி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

அடுத்த கூட்டத்தில் மேடம் தன் பழைய முடிவு தவறு என்று அத்தனை பேர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். எப்படி நேர்ந்தது என்று ஒருவர் கேட்டார். சரிபார்க்காதது தன் பிழை என்று மட்டும் சொன்னார். அக்காவின் பெயரை எடுக்கவில்லை, அவள் பக்கம் பார்வையைக்கூடத் திருப்பவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எழுந்து உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தாள். எழவில்லை. கூட்டம் கலைந்ததும் எல்லோருக்கும் முன்னால் வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய தொட்டிகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.